கார் சில்லு இரைகிறதா? பெயாரிங் வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

பழைய கார் ஒன்றை வாங்குகிறீர்கள். ஒழுங்கைக்குள் ஓடிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் ஏறி வேகம் 50, 60 என்று போகும்போதுதான் கீழேயிருந்து "ஊ...ம்" என்று ஒரு இரைச்சல் கிளம்புகிறது, வேகம் கூடக் கூட அதுவும் ஏறுகிறது, வேகத்தைக் குறைத்தால் அடங்குகிறது. யாரிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "வீல் பெயாரிங் போயிட்டுது தம்பி, மாத்திப் போடு." சில்லு இலகுவாகச் சுழல அதன் நடுவில் இருக்கும் உருண்டை வளையம்தான் பெயாரிங். அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒழுங்கில்லாமல் தேய்ந்த ரயரும் கிட்டத்தட்ட அதே சத்தத்தைத்தான் போடும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முன்பக்கப் பெயாரிங் இரண்டையும் மாற்றி, சத்தம் போகவில்லை என்று பின்பக்கமும் மாற்றி, கடைசியில் ரயரை மாற்றியபோது சத்தம் நின்ற கதைகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அந்தக் காசு சும்மா போன காசு, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தது. இடையில் வன்னியில் கைமாறியது முழுக்க ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த வாகனங்கள்தான்: கொரோலா 121, அலியன், விட்ஸ், வகன் ஆர், அல்ட்டோ, டொல்பின் வான். வயது போன வாகனம் இரைவது புதினமில்லை. எது இரைகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அரை நாள் நேரம், கூட ஒரு ஆள், ஒரு ஜக், உங்கள் காது, உங்கள் உள்ளங்கை, இவை போதும்.

முதலில் காதால் பிரியுங்கள்

ரேடியோவை நிறுத்துங்கள், ஏசி காற்றையும் நிறுத்துங்கள். கண்ணாடியை ஏற்றி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை கேளுங்கள். பகலில் போங்கள், இரவில் ஏ9 முழுக்க மாடு படுத்திருக்கும், சத்தத்தில் கவனம் வைத்துக்கொண்டு ஓடுகிற நேரம் அதுவல்ல. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் நேராகப் போகிற துண்டு இதற்கு நல்லது. 60 போதும், ஊர்மனைக்கு வெளியே சட்டப்படியும் காருக்கு 70தான்.

முதல் கேள்வி, இந்தச் சத்தம் எஞ்சினோடு போகிறதா, சில்லோடு போகிறதா என்பது. கை கியர் என்றால் 60இல் நாலாவது கியரில் ஓடி, அதே 60இல் மூன்றாவதுக்கு இறக்குங்கள். எஞ்சின் சுற்று கூடும், சில்லின் சுற்று அப்படியே இருக்கும். இரைச்சல் மாறாமல் நின்றால் எஞ்சினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓட்டோ கியர் என்றால் முன்னும் பின்னும் வாகனம் இல்லாத இடத்தில் சில நொடிகள் நியூற்றலில் விட்டு, சத்தம் அப்படியே தொடர்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போடுங்கள். இதைச் செய்யும்போது எஞ்சினை நிறுத்தவே கூடாது. சாவியைத் திருப்பினால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

நியூற்றலிலும் இரைச்சல் தொடர்ந்தால் சந்தேகம் ரயர், பெயாரிங், பிரேக் என்று குறுகுகிறது. எக்ஸிலேற்றரை மிதிக்கும்போது ஒரு மாதிரி, காலை எடுத்தவுடன் வேறு மாதிரி என்று சத்தம் மாறினால் கியர் பொக்ஸையோ டிஃபரென்ஷலையோ (எஞ்சின் பலத்தை இரண்டு பக்கச் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பார்க்க வேண்டும். பின்சில்லு இழுக்கிற வான்களிலும் கெப் வாகனங்களிலும் பின்னாலிருந்து வரும் ஊளை பெரும்பாலும் டிஃபரென்ஷல்தான், அதற்கு முதலில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள், சில்லைக் கழற்ற ஓடாதீர்கள்.

இரைச்சலே இல்லாத சத்தங்களையும் இங்கேயே தள்ளி வையுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க வெட்டித் திருப்பும்போது "டக் டக்" என்றால் அது முன் அக்ஸில் ஜொயின்ற். தகரத்தில் தகரம் உரசுகிற மாதிரிக் கீச்சிட்டால், டிஸ்கின் பின்னாலுள்ள மெல்லிய தகரக் காப்புக்கும் டிஸ்குக்கும் நடுவில் கல் ஒன்று சிக்கியிருக்கும். கிரவல் வீதியில் ஓடுகிற எங்களுக்கு இது அடிக்கடி வரும். கொஞ்சம் பின்னுக்கும் முன்னுக்கும் எடுத்தாலே கல் விழுந்துவிடுவதும் உண்டு, விழாவிட்டால் சில்லைக் கழற்றித் தகரத்தை மெல்ல வளைத்துவிட்டால் சரி.

ரயரா என்று பார்ப்பது

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை. வன்னியில் ஒரு வசதி, ஒரே பயணத்தில் மினுங்குகிற காபெற் வீதி, சல்லி வெளியே தெரிகிற பழைய தார் வீதி, கிரவல் என்று எல்லாம் வரும். ஒரே வேகத்தில் காபெற்றிலிருந்து கரடான தாருக்கு மாறும்போது கவனியுங்கள். ரயர் இரைச்சல் என்றால் வீதி மாறும் இடத்திலேயே அதன் சுருதியும் அளவும் மாறும், சில இடங்களில் காணாமலே போகும். பெயாரிங் இரைச்சலுக்கு வீதி ஒரு பொருட்டில்லை. கரடான வீதியின் சத்தம் மேலே வந்து மூடும், ஆனால் அடியில் அதே "ஊ...ம்" விடாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு வாகனத்தை நிறுத்தி, ரயர் சூடு ஆறியதும், உள்ளங்கையை ரயரின் மேல் வைத்து முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுவழுப்பாகவும் மறுபக்கம் தடவும்போது அரத்தின் பல் மாதிரிக் குத்தவும் செய்தால் அந்த ரயர் இரையும், சந்தேகமே வேண்டாம். குறுக்காகத் தடவும்போது, அதாவது உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குப் போகும்போது, அப்படிக் குத்தினால் எலைன்மென்ற், அதாவது சில்லுகள் நிற்கும் கோணம், பிழை. மதகு விளிம்பில் ஒரு தடவை பலமாக இடித்தாலே அது குழம்பிவிடும். ரயரைச் சுற்றி மேடும் பள்ளமுமாக அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷொக் அப்சோபர் செத்துப்போய் சில்லு துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது, அல்லது சில்லு பலன்ஸ் இல்லை. இந்த மாதிரி ரயரை மாற்றினால் சத்தம் நிற்கும், ஆனால் ஷொக்கையும் எலைன்மென்றையும் பார்க்காமல் விட்டால் புது ரயரும் அதே வழியில் தேயும். கண்ணால் பார்த்தால் இவை தெரியாது, பட்டன் (ரயரின் மேல் வெட்டு) நல்ல ஆழமாக இருக்கும், "ரயர் புதுசு மாதிரி இருக்கே" என்று விட்டுவிடுவார்கள். கையால் தடவத்தான் வேண்டும். பின்சில்லுகளையும் மறக்காமல் தடவுங்கள். முன்னால் தேய்ந்த ரயரைப் பின்னால் போட்டு மறந்துவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது.

ரயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வயது போன ரயர் இறுகிக் கல்லாகிவிடும், தேயாவிட்டாலும் சத்தம் போடும். நான்கும் நான்கு கம்பனியாக இருந்தாலும், திரும்ப றப்பர் போட்ட ரயராக இருந்தாலும், சேற்றுக்குப் போடுகிற பெரிய கட்டை பட்டன் ரயராக இருந்தாலும் இரைச்சல் இயல்பு. காற்றையும் அளந்து பாருங்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், ரயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைப் பார்த்து அடிக்காதீர்கள்.

கையாலும் முடிவு வரவில்லை என்றால் இருக்கிற மிக நம்பிக்கையான வழி, முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் போடுவது. அதே பக்கத்துக்குள்ளேயே மாற்றுங்கள், சில ரயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும், பக்கம் மாற்றினால் அது தலைகீழாகிவிடும். மாற்றிவிட்டு அதே வீதியில் அதே வேகத்தில் ஓடுங்கள். சத்தம் இடம் மாறினாலோ, குணம் மாறினாலோ, ரயர்தான். ஒன்றுமே மாறவில்லை என்றால் ரயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ரயர் கடையில் நான்கையும் மாற்றிப் போட எடுக்கிற கூலி ஒரு பெயாரிங் விலையோடு பார்க்க ஒன்றுமேயில்லை, இருந்தும் எங்கள் ஆட்கள் செய்யாமல் விடுவது இதைத்தான்.

வளைவில் கேட்பது

கார் இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லுகளில் விழும், வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கத்தில் விழும். பழுதான பெயாரிங் பாரம் ஏறும்போது கூட இரையும், பாரம் இறங்கும்போது அடங்கும். ஆகவே நீண்ட இடது வளைவில் சத்தம் கூடினால் வலப்பக்கப் பெயாரிங்கில் சந்தேகம், வலது வளைவில் கூடினால் இடப்பக்கத்தில். ஏ9 எங்கள் பகுதியில் பெரும்பாலும் நேர்கோடு, இதற்கு உதவாது. நல்ல நீண்ட வளைவு உள்ள கிளை வீதி ஒன்றைத் தேடி, 50 அளவில், இரண்டு பக்கமும் ஓடிப் பாருங்கள். நேர் வீதியில் ஸ்டியரிங்கை இங்கும் அங்கும் ஆட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம், பின்னால் வருகிற யாழ்ப்பாண பஸ்சுக்கு நீங்கள் பெயாரிங் பார்ப்பது தெரியாது.

முன்னா பின்னா என்பதற்குக் கூட வந்தவரைப் பின் இருக்கையில் இருத்துங்கள், பிறகு முன்னால் இருத்துங்கள். அவருக்கு எங்கே பலமாகக் கேட்கிறது, கால் வைக்கும் தளத்தில் எங்கே அதிர்வு தெரிகிறது என்று கேளுங்கள். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். இரைச்சல் தகரத்தோடு ஓடி வேறு இடத்தில் கேட்கும், வலப்பக்கம் என்று அடித்துச் சொன்னது இடப்பக்கமாக இருக்கும். வளைவுச் சோதனையும் எல்லாப் பெயாரிங்குக்கும் ஒரே மாதிரி ஒத்துவராது, இரண்டு வரிசை உருண்டை உள்ள பெயாரிங்கில் எந்த வரிசை பழுது என்பதைப் பொறுத்து மாறிக் காட்டவும் செய்யும். ஜக்கில் ஏற்றிப் பார்க்கும்வரை இவை எல்லாம் சந்தேகம்தான்.

நிறுத்தும்போது சூடு பாருங்கள்

முறிகண்டியில் எப்படியும் நிறுத்துவீர்கள். அந்த இடத்துக்குக் கிட்ட வரும்போது பிரேக்கை அதிகம் மிதிக்காமல், வேகத்தைத் தானாக விழவிட்டு ஓரம் கட்டுங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவதற்கு முன் காரை ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் உள்ளங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள், சுட்டுவிடும். முன் இரண்டும் ஒரு அளவிலும் பின் இரண்டும் ஒரு அளவிலும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்தபடி இருக்கிறது, அல்லது பெயாரிங் முற்றிப்போய்விட்டது. பிரேக் பிடித்திருந்தால் கருகிய மணமும் வரும், கார் ஒரு பக்கம் இழுக்கும். மழைக்காலச் சேறு போய்க் கலிப்பர் (பிரேக் பாட்டை டிஸ்கில் அழுத்தும் பகுதி) நகர்கிற ஊசிகள் இறுகுவதுதான் இதற்குப் பொதுவான காரணம். கழற்றித் துடைத்து அதற்குரிய கிறீஸ் வைத்தால் பல நேரம் தீர்ந்துவிடும்.

ஜக்கில் ஏற்றிப் பார்ப்பது

இங்கே அவசரம் வேண்டாம். எங்கள் முற்றம் மணல், ஜக் ஒரு பக்கம் புதைந்து சரியும். கொங்கிறீற் தளம் கிடைத்தால் அங்கே செய்யுங்கள், இல்லாவிட்டால் ஜக்கின் அடியில் அகலமான தடித்த பலகை ஒன்றைப் போடுங்கள். ஏற்றிய காரை ஜக்கில் மட்டும் நிற்கவிடாமல் ஸ்ராண்ட் வையுங்கள். வீடு கட்ட வாங்கிய சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துகிறவர்களைக் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்ராண்ட் இல்லை என்றால் கழற்றிய சில்லையோ ஸ்பெயார் சில்லையோ காரின் கீழே படுக்க வைத்துவிடுங்கள், ஜக் விழுந்தாலும் கார் அதன்மேல் நிற்கும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்சில்லைச் சுற்றிப் பார்க்க ஹாண்ட் பிரேக்கை இறக்க வேண்டிவரும், அப்போது முன்சில்லுக் கட்டைதான் காரைப் பிடித்து வைத்திருக்கும். ஹைபிரிட் கார் என்றால் முழுதாக நிறுத்திச் சாவியை எடுத்துத் தூர வையுங்கள், சத்தமில்லாமல் தயார் நிலையில் நிற்கிற கார் எந்த நேரமும் அசையலாம்.

சில்லு காற்றில் நிற்கும்போது மணிக்கூட்டின் 12க்கும் 6க்கும் இரண்டு கையையும் வைத்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்து ஆட்டுங்கள். "டொக் டொக்" என்று ஆட்டம் தெரிந்தால், கூட இருப்பவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லித் திரும்ப ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பெயாரிங். மிதித்த பிறகும் ஆட்டம் இருந்தால் போல் ஜொயின்ற்றோ சஸ்பென்ஷனில் வேறொன்றோ. 9க்கும் 3க்கும் வைத்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டியரிங்கின் டை ரொட் பக்கம் பாருங்கள்.

ஆட்டம் இல்லை என்றவுடன் பெயாரிங் நல்லது என்று எழுந்துவிடாதீர்கள். பெயாரிங் முதலில் இரையும், அதற்கு நெடுநாள் கழித்துத்தான் ஆடும். கராஜில் சில்லைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டிவிட்டு "பெயாரிங் நல்லம்" என்று அனுப்பிவிடுவதும் இந்த இடத்தில்தான். அடுத்த சோதனைதான் முக்கியம். நியூற்றலில் போட்டு, ஒரு கையால் சில்லைச் சுற்றிவிட்டு, மற்றக் கையின் விரல்களை அந்தப் பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் மெல்ல வையுங்கள், சுற்றுகிற எதிலும் விரல் படாமல். நல்ல பெயாரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. பழுது என்றால் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும், காதுக்குக் கேட்காததும் விரலுக்குத் தெரியும். இதை நான்கு சில்லிலும் செய்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்றை மட்டும் சுற்றிப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது, நல்லது எப்படி இருக்கும் என்று விரல் அறிந்தால்தான் கெட்டதை அறியும். பிரேக் பாட் லேசாக உரசுகிற "ஸ்ஸ்" சத்தம் இயல்பு, அதைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

சில்லைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட ஸ்குறு டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து நக்கிளில் (பெயாரிங்கைத் தாங்கும் இரும்புப் பகுதி) கேட்கிற முறை ஒன்று கராஜ்களில் உண்டு. பலன் தரும் முறைதான். ஆனால் வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்தச் சில்லு மீற்றர் காட்டும் வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும்.

இங்கே பெயாரிங் ஏன் போகிறது

எங்கள் பகுதியில் பெயாரிங்கின் முதல் எதிரி தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் குளங்கள் வான் பாய்ந்து வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது எல்லோரும் அதற்குள்ளால்தான் போகிறோம். ஓடி வந்த சூட்டோடு பெயாரிங் தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சட்டென்று குளிர்ந்து சுருங்கி, வாஷர் (பெயாரிங்கின் பக்கத்தை மூடும் வளையம்) விளிம்பால் தண்ணீரை உள்ளே இழுக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே கிறீஸ் தண்ணீரோடு கலந்து வெளிறி, உருண்டையும் அது ஓடும் பாதையும் துருப்பிடித்து, தண்ணீரை மறந்தபிறகு சில மாதம் கழித்து இரைச்சல் தொடங்கும். நந்திக்கடல், பூநகரிப் பக்கம் உவர் தண்ணீருக்குள் போனால் துரு இன்னும் கெதியாக வரும். தவிர்க்க முடியாமல் தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தால், இறங்குவதற்கு முன் சற்று நிறுத்திச் சூட்டை ஆறவிடுங்கள். சில்லின் நடுப்பகுதிக்கு மேலே தண்ணீர் வந்த காரை வாங்கப் போகிறீர்கள் என்றால் பெயாரிங் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இரண்டாவது, ஓடாமல் கிடந்த கார். உரிமையாளர் வெளிநாட்டில், கார் மாமரத்தடியில் வருடக்கணக்காக நிற்கும், மீற்றரில் குறைந்த கிலோமீற்றர், விற்பவர் அதையே பெருமையாகச் சொல்வார். ஒரே இடத்தில் நின்ற பாரமும் ஈரமும் சேர்ந்து உருண்டைகள் நின்ற இடத்தில் பாதையில் தழும்பு போட்டிருக்கும். அந்தத் தழும்பு ஓடி ஓடி ஆறாது, கூடும். அப்படிப்பட்ட காரில் ரயரும் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், அது கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சரியாகலாம். ஆகவே முதல் பத்து கிலோமீற்றர் ஓடிய பிறகு கேட்கிற சத்தத்தைத்தான் கணக்கில் எடுங்கள்.

அப்புறம் குழி, மதகு விளிம்பு, சிறிய காரின் பின்னால் ஏற்றிய நெல் மூட்டை, அழகுக்காகப் போட்ட வெளித்தள்ளிய அகலமான ரிம். இவை எல்லாம் பெயாரிங்கின் ஆயுளைத்தான் தின்னும்.

பார்த்துவிட்டீர்கள், பெயாரிங்தான் என்றால்

இரைச்சல் மட்டும், ஆட்டமில்லை, சூடில்லை என்றால் மெதுவாக ஓடி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யலாம், ஆனால் மாதக்கணக்கில் இழுக்காதீர்கள். அரைபடுகிற சத்தம், கையில் தெரிகிற ஆட்டம், ஒரு சில்லில் மட்டும் சூடு, இரைச்சலோடு சேர்ந்து ஏபிஎஸ் (பிரேக்கில் சில்லு பூட்டாமல் காக்கும் அமைப்பு) விளக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் ஓடாதீர்கள். முற்றிய பெயாரிங் இறுகிச் சில்லைப் பூட்டும், அல்லது சில்லோடு சேர்ந்து கழன்றே போகும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற காட்டு வீதியில் இரவில் குடும்பத்தோடு அப்படி நிற்கிற நிலையை நினைத்துப் பாருங்கள்.

பெயாரிங் வாங்கும்போது காரின் செசி இலக்கத்தைக் கொடுத்து வாங்குங்கள், "121க்கு ஒன்று தாங்கோ" என்று வாங்காதீர்கள். ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு வேறு வரும். கோயோ, என்எஸ்கே, என்டிஎன், நாச்சி ஆகியவை ஜப்பான் காரில் வழமையாக வருபவை, எஸ்கேஎஃப்பும் நல்லது. இந்தப் பெயர்களில் போலியும் ஓடுகிறது, பெட்டியை மட்டும் பார்க்காமல் வளையத்தில் பொறித்த பெயரும் இலக்கமும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். விலை மற்றக் கடைகளைவிட மிகக் குறைவாக இருந்தால் வாங்காமல் வாருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் நக்கிள் முழுதாக எடுப்பித்துப் போடலாம் என்று சொல்வார்கள். நக்கிள் வளைந்திருந்தால் எடுப்பியுங்கள், ஆனால் அதில் வருகிற பழைய பெயாரிங்கை நம்பாமல் புதிது போடுங்கள். அந்தப் பெயாரிங் எவ்வளவு ஓடியது என்பது யாருக்கும் தெரியாது.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றப் பக்கம் ஸ்பிரிங் சோதனையில் நல்லதாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கொரோலா 121 போன்ற கார்களில் பின்பக்கம் ஹப்போடு (சில்லு பூட்டப்படும் நடுப்பகுதி) சேர்ந்த முழு அலகாக வரும், போல்ட் கழற்றி மாற்றலாம், ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே செய்வார். முன்பக்கம் நக்கிளுக்குள் அழுத்திப் பொருத்துவது, அதற்குப் பிரெஸ் வேண்டும். ஊர்க் கராஜில் பிரெஸ் இல்லை என்றால் நக்கிளைக் கழற்றிக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோங்கள். சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள், ஒவ்வொரு அடியும் உள்ளே உருண்டைக்கும் பாதைக்கும் விழுகிற அடி, புதுப் பெயாரிங் முதல் நாளே இரையத் தொடங்கும். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். பிறகு ஹப்பை ஏற்றும்போது பெயாரிங்கின் உள்வளையத்துக்கு அடியில் தாங்கல் கொடுக்க வேண்டும். இதை வேலை தொடங்குவதற்கு முன் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள், "அண்ணை, எந்த வளையத்தில அழுத்துவியள்?" என்று. நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

ஏபிஎஸ் உள்ள கார்களில் பெயாரிங்கின் ஒரு பக்க வாஷரில் காந்தம் இருக்கும், அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்து இருக்க வேண்டும், மாறிப் போட்டால் விளக்கு எரியும், திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும், கழற்றும்போது புதுப் பெயாரிங்கும் பாழாகும். பழைய பெயாரிங்கைக் கழற்றியதும் ஹப்பின் தண்டைப் பாருங்கள், உள்வளையம் சுழன்று அதில் கோடு விழுந்திருந்தால் ஹப்பையும் மாற்றத்தான் வேண்டும். அக்ஸில் நடுநட்டைப் புதிதாகப் போட்டு, அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்குத் தோர்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அதை இறுக்கும்வரை காரைச் சில்லில் இறக்கி உருட்டக் கூடாது, இறுகாத பெயாரிங்கில் காரின் பாரம் விழுந்தால் அங்கேயே அடிபட்டுவிடும்.

சில்லு நட்டுகளை எயார் கன்னால் முடிந்தமட்டும் இறுக்குவதும் நல்லதல்ல, டிஸ்க் கோணும். டொயோட்டாவின் சிறிய கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர் என்பது வழமையான அளவு. வேலை முடிந்ததும் முதலில் பார்த்த அதே வீதியில் அதே 60இல் ரேடியோ இல்லாமல் ஓடிப் பாருங்கள். இரைச்சல் குறைந்து இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் இரண்டாவதாக ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் ரயர். 50, 100 கிலோமீற்றர் ஓடியபின் சில்லு நட்டுகளை ஒரு தடவை கை ரெஞ்சால் இறுக்கிப் பாருங்கள், பிரேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் முறுகாமல் அதனதன் கிளிப்பில் இருக்கின்றனவா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.